கையால் சொன்ன வசனம்

என் மச்சான், அதாவது என் அக்காவைக் கட்டியவர், மோட்டார் காயில் சுற்றுகிறவர். எரிந்துபோன மின்விசிறி, தண்ணீர் மோட்டார், மிக்ஸி எல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். கருகிய கம்பியை வெட்டி எடுத்து, பள்ளத்துக்குப் பள்ளம் காகிதம் வைத்து, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி இறக்கி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பார். கடைக்குள் கால் வைத்தாலே வார்னிஷ் நெடி மூக்கைத் துளைக்கும். கல்யாணமான புதிதில் அந்த வாடையால் தலைவலி என்று அக்கா அழுதாள். இப்போது அவர் வாடை இல்லாமல் வீட்டுக்கு வந்தால் "உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள்.

வாயால் அதிகம் பேச மாட்டார். வாடிக்கையாளர் பத்துக் கேள்வி கேட்டால் "பாத்துடலாம்" என்று ஒரு பதில் வரும். ஆனால் கை இருக்கிறதே, அது பேச ஆரம்பித்தால் நிற்காது. நாக்குக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்ததையெல்லாம் இறைவன் அவர் கைக்குக் கொடுத்துவிட்டான் என்று நான் கிண்டல் செய்வேன். அப்படிக் கிண்டல் செய்த காலம் ஒன்று இருந்தது.

அந்தக் கைப்பேச்சுக்குக் காரணம் அவர் தம்பி. நாங்கள் சின்னவன் என்போம். பிறந்ததிலிருந்து அவனுக்குக் காது கேட்காது. பெற்றவர்களுக்கு அவனோடு பேசத் தெரிந்தது மூன்றே சைகை: சாப்பிடு, வா, அடி விழும். காது கேளாதோர் பள்ளிக்கு அவனைக் கூட்டிப்போய் விடுகிற பொறுப்பு மச்சானுடையது. கையை விட்டால் அலறுவான் என்று மச்சானும் வகுப்பிலேயே உட்கார்ந்தார். டீச்சர் "என் உதட்டைப் பார்" என்பார். அவர் முதுகைத் திருப்பினால் போதும், பிள்ளைகள் கையாலேயே ஊர்க் கதை முழுவதும் பேசித் தீர்ப்பார்கள். மச்சான் டீச்சரிடம் கற்றது கொஞ்சம், பிள்ளைகளிடம் கற்றது மிச்சம். அவருடைய சொந்தப் படிப்பு பாதியில் நின்றது.

சின்னவனுக்கு அந்தப் பள்ளி தன் பெயரை எழுதவும் பஸ் போர்டைப் படிக்கவும் சொல்லித் தந்தது. அதற்கு மேல் எழுத்தெல்லாம் அவனுக்கு எறும்பு ஊர்ந்த தடம்தான். இப்போது ஒரு டிங்கரிங் பட்டறையில் இருக்கிறான். நசுங்கிய கார்க் கதவைத் தட்டி நிமிர்த்தும் வேலை. அங்கே இருக்கிற சத்தத்தில் மற்றவர்களுக்குக் காது போய்விடும். "எனக்குப் போறதுக்கு என்ன இருக்கு?" என்று கையால் கேட்டுவிட்டுச் சிரிப்பான். நல்ல கைகாரன். முதலாளி அவனை விட்டுக் கொடுக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் பயான் என்கிற பிரசங்கம் நடக்கும்போது அவன், தொழவைக்கிற ஹஜ்ரத்தின் உதட்டையும் தாடியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வயது வந்தபின் ஒரு நாள் அண்ணன் விலாவில் இடித்து, "அவர் என்ன சொல்றார்?" என்று கேட்டான். மச்சான் மடிமேல் கையை வைத்து, யாருக்கும் தெரியாமல் சொல்லிக் கொடுத்தார். அடுத்த வாரம், சின்னவனைப் போலவே காது கேளாத அவன் நண்பன் ஒருவன் வந்து உட்கார்ந்தான். பிறகு இஸ்திரிக்காரர் வந்தார். ரொட்டி சுடுகிற அடுப்பில் வேலை பார்ப்பவர் வந்தார். பஸ் மாறி மாறி வெளியிலிருந்தும் வந்தார்கள். மடிமேல் ஓடிய கை போதாமல், மச்சான் எழுந்து இடப்பக்கத் தூணுக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டியதாயிற்று.

பயான் நடக்கும்போது யாரும் பேசக் கூடாது, சைகை பேச்சா இல்லையா என்று அதற்கே ஒரு சண்டை நடந்தது. அப்போதிருந்த பெரிய ஹஜ்ரத், "அவங்களுக்குக் கேக்கறதுன்னா அதுதான்யா. ஒருத்தன் கேக்கறதை எப்படித் தடுக்கறது?" என்று ஒரே போடாகப் போட்டு முடித்துவைத்தார். நல்ல மனிதர். அவர் மௌத்தாகி மறைந்த பிறகு பள்ளிவாசலுக்கே பிடிமானம் போய்விட்டது என்பேன்.

அந்தத் தூண் ஓரத்தில் ஒவ்வொருவருக்கும் கையாலேயே பெயர் உண்டு. மச்சானுக்கு ஒரு விரலைச் சுற்றி இன்னொரு விரலால் கம்பி சுற்றுவது. எனக்கு மூக்கைப் பிடித்து இழுப்பது. மூக்கு அப்படி, என்ன செய்ய. நிர்வாகச் செயலாளர் ஹார்ட்வேர் கடை வைத்திருப்பதால் அவருக்குத் திருகாணி முறுக்குவது. அவர் அதை மரியாதை என்று நினைத்துத் திரும்பத் தலையாட்டுவார்.

குடும்பக் கூட்டத்தில் எல்லாரும் சிரித்தால் சின்னவன் கடைசியாகத்தான் சிரிப்பான், அதுவும் யாராவது பாவம் பார்த்து விளக்கினால். "அப்புறம் சொல்றேன்" என்று வீட்டில் அவனுக்குச் சொன்ன அளவுக்கு வேறெதையும் யாரும் சொன்னதில்லை. தூண் ஓரத்தில் மட்டும் கூட்டத்தோடு சேர்ந்து சிரித்தான், கூட்டத்தோடு சேர்ந்து கண் கலங்கினான். அதனால் மச்சானுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான் இருந்தது. தம்பி அந்த இடத்தை விட்டுப் போய்விடக் கூடாது. தம்பி போனால் தனக்கும் அங்கே வேலை இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

பெரிய ஹஜ்ரத் போன பிறகு இளம் ஹஜ்ரத் ஒருவர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு குர்ஆனை முதலிலிருந்து வசனம் வசனமாக விளக்கும் வகுப்பு என்று ஏற்பாடானது. நல்ல எண்ணம்தான். ஆனால் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. வேதியியல் பேராசிரியர் ஒருவர் எங்கள் ஜமாஅத்தில் இருக்கிறார், ஓய்வு பெற்றவர். அவரும் செயலாளர் ஹார்ட்வேர் பாயும் வகுப்பின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தால் நடுவில் ஹஜ்ரத், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்கிற கணக்கு.

சண்டை கையில்தான் ஆரம்பித்தது. உறுதிமொழி கொடுத்தவர்களின் கைகளுக்கு மேல் இறைவனின் கை இருக்கிறது என்று ஒரு வசனம். யாரோ பேச்சோடு பேச்சாக அதை எடுத்தார்கள்.

"கைன்னா ஆற்றல், உதவி," என்றார் பேராசிரியர். "ஒருத்தனுக்குக் கை நீளம்னு சொன்னா டேப் வச்சு அளக்கறோமா? போலீஸ் கையில மாட்டினான்னா போலீஸ்காரர் கையைத் தேடிப் பாக்கறோமா?"

"அதெல்லாம் மனுஷன் பேச்சு," என்றார் ஹார்ட்வேர் பாய். "அவன் கைன்னு சொல்லியிருக்கான், கைதான். எப்படிப்பட்ட கைன்னு கேக்காதே. அவனுக்குத் தகுந்த கை. ஆற்றல்னு சொல்லணும்னா அவனுக்குச் சொல்லத் தெரியாதா? நீங்க என்ன அவனுக்குத் திருத்தம் போடறீங்க?"

உண்மையைச் சொன்னால் இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிற மாதிரிதான் எனக்குப் பட்டது. படிப்பாளிகள் எத்தனையோ தலைமுறையாகப் பேசிய விஷயமாம். பேசட்டும். ஆனால் காதால் கேட்கிற நமக்குக் 'கை' என்ற சொல் ஒரு சத்தம். அதை வைத்துக்கொண்டு எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம், நினைக்காமலும் இருக்கலாம். மச்சானுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அவர் கையைத் தூக்கித்தான் கையைச் சொல்ல வேண்டும்.

அவர் தன் வலது கையைத் தொட்டு, வானத்தைக் காட்டி, இடது கைக்கு மேல் வைத்தார். ஹார்ட்வேர் பாய் எழுந்துவிட்டார். "என்ன இது, உன் கையைக் காட்டி அவன் கைங்கற? வார்னிஷ் ஒட்டின கை! அவனை மனுஷனோட ஒப்பு வைக்கறியா?"

சரியென்று மச்சான் முஷ்டியை மடக்கி வலிமை என்று காட்டினார். "இப்ப அர்த்தத்தை மாத்தறே! அவர் கட்சியில சேந்துட்டியா?" என்றார் அதே பாய். பேராசிரியரோ, "இல்ல, முஷ்டியும் கைதானே, அதுவே தப்பான எண்ணத்தைக் குடுக்கும்," என்றார்.

"அப்ப எப்படிச் சொல்லட்டும்?" என்று மச்சான் கேட்டார்.

"எழுதிக் காட்டு," என்றார்கள். தூண் ஓரத்தில் படிக்கத் தெரிந்தவர் இஸ்திரிக்காரர் ஒருவர்தான். அவருக்கும் அன்று கண்ணாடி இல்லை. கையில்லாமல் கையைச் சொல் என்று ஒரு காயில் சுற்றுகிறவரிடம் கேட்ட கூத்தை வீட்டில் வந்து நான் நடித்துக் காட்டினேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். மச்சான் சிரிக்கவில்லை.

சில வாரம் இப்படியே போயிற்று. கடைசியில் நிர்வாகக் கூட்டம் போட்டார்கள். எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத அந்த இரண்டு பேரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். மச்சான் சொந்தமாக எதையும் விளக்கக் கூடாது. வசனத்தில் என்ன சொல் இருக்கிறதோ அதே சொல், வார்த்தைக்கு வார்த்தை. விளக்கத்தை மேடையில் இருக்கிறவர் சொல்வார், அதையும் அப்படியே காட்ட வேண்டும். எனக்கு நல்ல ஏற்பாடாகவே தெரிந்தது. மச்சான் முகம் மட்டும் வெளுத்துப்போனது.

வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டேன். "இதுல என்ன மச்சான் கஷ்டம்? உங்களுக்குத்தான் பாரம் குறைஞ்சது."

அவர் பூட்டிய கடைகளின் வாசல் வழியாக நெடுந்தூரம் நடந்தார். "மாப்ளே, அடுத்த வாரம் எந்த வசனம் வருது தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அவரே சொன்னார். உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக வேஷம் போட்ட நயவஞ்சகர்களைப் பற்றிய இடம். அவர்கள் செவிடர்கள், ஊமைகள், குருடர்கள், இனித் திரும்ப மாட்டார்கள் என்று வருகிற இடம்.

"சரி, வரட்டுமே. அது நெஜ செவிடைச் சொல்லலியே. உண்மையைக் கேக்க மறுத்தவனைத்தானே சொல்லுது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"காது கேக்கற சின்னப் பிள்ளைக்குத் தெரியும்," என்றார் மச்சான்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. இந்த மாதிரி வசனம் பயானில் வரும்போதெல்லாம் மச்சான் இத்தனை வருடமாக வேறு மாதிரி காட்டி வந்திருக்கிறார். நெஞ்சில் கையை வைத்து மூடி, 'மனசைப் பூட்டிக்கொண்டவர்கள்' என்று. செவிடு என்ற சைகையை அவர் அந்த இடத்தில் ஒரு தரம்கூட எடுத்ததில்லை. பொருள் அதுதானே என்று அவருடைய நியாயம். பேராசிரியர் வாயால் செய்ததை அவர் கையால் செய்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் பேராசிரியர் மாற்றுகிறபோது மூலச் சொல் எல்லார் காதிலும் இருந்தது. மச்சான் மாற்றியபோது, அங்கே ஒரு சொல் மாறியிருக்கிறது என்பதே தூண் ஓரத்தில் யாருக்கும் தெரியாது.

மறுநாள் கடையை அக்காவிடம் விட்டுவிட்டு ஹார்ட்வேர் கடைக்குப் போனார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். பாய் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தார்.

"பாய், அந்த ஒரு இடத்துல மட்டும் நான் பழைய மாதிரியே காட்டிக்கறேன்."

பாய் தராசை நிறுத்தினார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "எங்கம்மா கடைசிப் பத்து வருஷம் கண்ணு தெரியாம இருந்தாங்க," என்றார். "அந்த வசனத்தை மனப்பாடமா ஓதுவாங்க. ஒரு நாளும் மனசு நோகல. இறைவன் சொன்னதுல கெடுதல் இருக்காதுன்னு நம்பினாங்க. நீ உன் தம்பியை நம்பல, அதான் உன் கஷ்டம். ஒரு இடத்துல மறைச்சா, நாளைக்கு ஆளாளுக்கு மறைப்பான்." ஆணியைப் பொட்டலம் கட்டி வாடிக்கையாளரிடம் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் கெட்டவன் ஒருவனாவது இருந்திருந்தால் எனக்குத் திட்டிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும்.

பேராசிரியர் வீட்டுக்கும் போனோம். தேநீர் கொடுத்தார். "கவலையே படாதீங்க. அது சுத்தமான உருவகம். ஞாயிற்றுக்கிழமை நானே எழுந்து விளக்கிடறேன்," என்றார். அவருக்கு வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை தூண் ஓரம் நிறைந்திருந்தது. மழை விட்டு வெயில் அடித்த சாயங்காலம். ஈரக் குடைகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டுச் சின்னவன் எல்லாருக்கும் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். விரல் நுனியில் கார்ப் பெயின்ட்டின் சிவப்பு. ஹஜ்ரத் வசனத்தை ஓதி, பொருளைச் சொன்னார். ஹார்ட்வேர் பாயின் கண் மச்சான் கைமேல் இருந்தது.

மச்சான் சுட்டுவிரலைக் காதில் வைத்து, அங்கிருந்து இறக்கி உதட்டைத் தொட்டார். செவிடு என்பதற்கு அதுதான் சைகை. அவர்கள் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் காட்டுவதும் அதைத்தான்: நான் உங்கள் ஆள், நாமெல்லாம் ஒரே கூட்டம்.

தூண் ஓரத்தில் எல்லார் முகமும் மலர்ந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். இஸ்திரிக்காரர் பக்கத்தில் இருந்தவர் தொடையைத் தட்டினார். சின்னவன் திரும்பி மற்றவர்களைப் பார்த்து, தன் நெஞ்சைத் தொட்டு, மேலே காட்டினான். நம்மைப் பற்றி இருக்கிறது. வேதத்திலேயே நம்மைப் பற்றி இருக்கிறது.

மச்சான் கை அந்தரத்தில் நின்றது. அப்படியே நிறுத்தியிருக்கலாம். மேடையிலிருந்து ஹஜ்ரத்தின் குரல் போய்க்கொண்டே இருந்தது, பாயின் கண் அசையவில்லை. மச்சான் மிச்சத்தையும் காட்டினார். ஊமைகள். குருடர்கள். திரும்ப மாட்டார்கள். யாரைப் பற்றி என்பதையும் காட்டினார்: பொய்யர்கள், ஏமாற்றுகிறவர்கள்.

அந்தச் சிரிப்புகள் உடனே போகவில்லை. முகத்தில் வந்த சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக இறங்கிப்போனது. என் வாழ்நாளில் நான் பார்த்ததிலேயே மோசமான காட்சி அதுதான்.

பேராசிரியர் சொன்னபடி எழுந்தார். இது உருவகம், நிஜமாகக் காது கேளாதவர்களைக் குறிக்காது, கண்கள் குருடாவதில்லை, நெஞ்சுக்குள் இருக்கும் இதயங்களே குருடாகின்றன என்று வேதமே இன்னோரிடத்தில் விளக்குகிறது என்று அழகாகச் சொன்னார். மச்சான் வேகவேகமாக அதைக் காட்டினார்.

சின்னவன் கையைத் தூக்கினான். அந்த வகுப்பில் தூண் ஓரத்திலிருந்து எழுந்த முதல் கேள்வி. அவன் கையால் கேட்க, மச்சான் வாயால் சொன்னார். தம்பியின் கேள்வியைத் தம்பியின் குரலாக நின்று அவரே சொல்ல வேண்டியிருந்தது.

"உருவகம்னு சொல்றீங்க. சரி. நெஜமா எங்களைச் சொல்லல. அதுவும் சரி. கெட்டவனைச் சொல்றதுக்கு எங்களை எதுக்கு எடுத்தாங்க?"

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று அன்று காலைகூட என் மகனைத் திட்டியிருந்தேன். கண்மூடித்தனம் என்கிறோம், ஊமைக் கோட்டான் என்கிறோம். நம் வாயும் சும்மா இருந்ததில்லை. யாரை வைத்துச் சொல்கிறோமோ அவன் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டதில்லை என்பதால் பிழைத்துக்கொண்டிருந்தோம்.

"இறைவன் சொன்னதை எதுக்குன்னு கேக்கக் கூடாது," என்றார் ஹார்ட்வேர் பாய், கொஞ்சம் மெதுவாகத்தான்.

"கேக்கலாம். ஒப்புமைங்கறது குணத்துக்குத்தான், ஆளுக்கு இல்ல," என்றார் பேராசிரியர்.

"நீங்க ஒப்புமைன்னு ஆரம்பிச்சதாலதான் இந்தக் கேள்வியே வந்துது."

"நீங்க சொல்லுக்குச் சொல்லுன்னு பிடிவாதம் பிடிச்சதால வந்துது."

பிறகு கை, முகம், ஆற்றல், பழைய அறிஞர்களில் யார் எந்தப் பக்கம் என்று பேச்சு எங்கெங்கோ போனது. மச்சான் முதலில் அதையும் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டார். தூண் ஓரத்தில் இருந்தவர்கள் இரண்டு வாய்கள் திறந்து மூடுவதை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கேட்டவனை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் அடுத்த கேள்வி வந்தது. அது மச்சானுக்கு மட்டும். சின்னவன் கையை அகல வீசாமல், நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துச் சிறிதாகக் கேட்டான்.

"இந்த வசனம் பயான்ல இதுக்கு முன்னாடி வந்ததே இல்லையா?"

பொய் சொல்லியிருக்கலாம். மச்சானுக்கு அது வராது. "வந்திருக்கு," என்று காட்டினார்.

"அப்ப நீ என்ன காட்டினே?"

மச்சான் நெஞ்சில் கையை மூடிக் காட்டினார். சின்னவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேற எதையெல்லாம் மாத்தினே?"

"எதையும் இல்ல. இது ஒண்ணுதான்."

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் சின்னவன். "சொர்க்கம் நீ சொன்னதுதான். நரகம் நீ சொன்னதுதான். நான் தொழறது, நோன்பு வைக்கறது, பொய் சொல்லாம இருக்கறது எல்லாம் உன் கையிலேர்ந்து வந்தது. காது கேக்கறவங்க எல்லாரும் ஹஜ்ரத்துகிட்ட கேட்டாங்க. நான் உன்கிட்ட மட்டும்தான் கேட்டேன்."

செருப்பு ஒன்று மாட்டியும் மாட்டாமலும் தெருவில் இறங்கிப் போய்விட்டான். மச்சான் பின்னாலிருந்து கூப்பிட முடியாது. கூப்பிட்டு என்ன பயன்? ஓடிப் போய் முன்னால் நிற்க வேண்டும். அவர் வாசலை விட்டு இறங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சின்னவன் வரவில்லை. அதற்கடுத்த வாரம் ரொட்டி அடுப்புக்காரர் வரவில்லை. இஸ்திரிக்காரர் ஒருவர் மட்டும் கொஞ்ச நாள் வந்து, தனியாக உட்கார்ந்து, பிறகு அவரும் நின்றுவிட்டார். நிர்வாகத்துக்கு வருத்தம்தான். பெரிய டிவி ஒன்று வாங்கித் தூணில் மாட்டினார்கள். வசனத்தின் பொருள் எழுத்தாக அதில் ஓடுகிறது. விளக்கச் சொல்லை அடைப்புக்குறிக்குள் போடுவதா வேண்டாமா என்று அதற்கும் சண்டை நடக்கிறது. டிவிக்கு முன்னால் காது நன்றாகக் கேட்கிற பையன்கள் செருப்பை ஒளித்து வைத்து விளையாடுகிறார்கள்.

மச்சான் இப்போது எல்லாரையும் போலப் பின் வரிசையில் உட்கார்ந்து தொழுதுவிட்டு வருகிறார். கடையிலும் முன்போல இல்லை. கம்பியைச் சுற்றிக்கொண்டே இருப்பார், எத்தனை சுற்று என்பதை விட்டுவிடுவார், மறுபடி பிரிப்பார். அக்கா சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தால் அது ஆறும்வரை அப்படியே இருக்கும். சின்னவன் வாடகைக்கு ஓர் அறை பிடித்துத் தனியாகப் போய்விட்டான். "அவன் வழிக்கு வருவான், விடுங்க," என்று நாங்கள் சொன்னதையெல்லாம் அவர் காதிலேயே வாங்கவில்லை. பாருங்கள், மறுபடியும் காது. இதை எழுதும்போதுகூட இந்த நாக்கை விட்டு என்னால் வெளியே வர முடியவில்லை.

ஒரு நாள் இளம் ஹஜ்ரத்தே கடைக்கு வந்தார். விசிறி சரிசெய்ய வந்தவர் போல நின்று, பிறகு சொன்னார். "அன்னிக்குத் தம்பி கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியல. இன்னும் தெரியல. ஆனா ஒண்ணு சொல்லுங்க அவர்கிட்ட." நபியவர்கள் ஊர்ப் பெரிய மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் கண் தெரியாத ஒருவர் வந்து குறுக்கிட்டார். நபியவர்களின் முகம் சுருங்கியது. தேடி வந்தவனை விட்டு, தேவையில்லை என்று இருக்கிறவர்கள் பின்னால் போகிறீரே என்று இறைவன் நபியவர்களையே திருத்தி வசனம் இறக்கினான். "அந்தக் கண் தெரியாதவரைவிட அன்னிக்கு அந்தச் சபையில பெரிய மனுஷன் இல்ல. இதைச் சொல்லுங்க."

மச்சானுக்கும் தெரிந்த கதைதான். சொல்ல வேண்டும் என்று தோன்றாமல் போயிருக்கிறது. அன்று அவர் முகத்தில் நான் வெகுநாளாகப் பார்க்காத வெளிச்சம். கையை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினார். "மாப்ளே, கிளம்பு," என்றார்.

டிங்கரிங் பட்டறையில் சத்தம் மண்டையைப் பிளந்தது. சின்னவன் ஒரு கதவைக் கால்களுக்கு நடுவில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். எங்கள் நிழல் கதவில் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தான். சுத்தியலைக் கீழே வைத்தான். எழுந்து போகவில்லை. அதுவே பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றியது.

மச்சான் குந்தி உட்கார்ந்தார். அந்தக் கதையை அவர் சொன்ன மாதிரி இனி ஒருவர் சொல்ல முடியாது. கண் தெரியாத மனிதர் தடவித் தடவி நடந்து வந்தார். பெரிய மனிதர்கள் வயிறு தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். முகம் ஒன்று சுருங்கியது. பிறகு மேலிருந்து சொல் இறங்கியது, அந்த ஒரு மனிதருக்காக. மச்சான் முகமெல்லாம் வியர்வை. பட்டறையில் இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

சின்னவன் கண் இமைக்காமல் கடைசி வரை பார்த்தான். அவன் கண்ணும் நனைந்திருந்தது. பிறகு கையைத் தூக்கிக் கேட்டான், கோபமே இல்லாமல்.

"இது அதுல இருக்கா? இல்ல, எனக்காக இப்ப நீ உண்டாக்கினதா?"

"இருக்கு," என்றார் மச்சான். "சத்தியமா இருக்கு." என்னைக் காட்டினார். நானும் தலையைத் தலையை ஆட்டினேன். சின்னவன் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தான். அண்ணனின் மச்சினனாயிற்றே நீ, அவர் சொன்னால் ஆட்டத்தானே செய்வாய் என்கிற சிரிப்பு.

"நீ சொல்றது நல்லா இருக்கு," என்று அண்ணனிடம் சொன்னான். "நீ சொல்றது எப்பவும் நல்லாத்தான் இருக்கும்."

மச்சான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். காது கேட்கிறவனுக்குக் கேட்கப் பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம், கத்தலாம், வேறெதையாவது நினைத்துக்கொள்ளலாம். சின்னவனுக்கு இருந்தது ஒரே வழி. அவன் கதவில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டான்.

மச்சான் அந்த மூடிய கண்களுக்கு முன்னால் கதையைச் சொல்லி முடித்தார்.